படம் எடுக்கப்படாத பத்தொன்பது பேர்

திட்டங்களால் பயன் உண்டா என்று சரிபார்க்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். படிவம் நிரப்பவும் மாதிரி வீடுகளைக் குலுக்கி எடுக்கவும் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் என்னைவிட நீங்கள் நன்றாகச் செய்வீர்கள். நான் எழுத வந்தது வேறு. ஒரு மனிதர் என் எதிரே நின்று ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றி நான் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தன. நான் வேலை பார்த்தது ஒரு தொண்டு அமைப்பில். இப்போது அது இல்லை, பெயர் வேண்டாம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களுக்குக் கிராமத்துக்கே போய் உடல் பரிசோதனை செய்வது அதன் திட்டம். எக்ஸ்ரே கருவி பொருத்திய வேன் ஒன்று இருந்தது. அதில் ஒரு டாக்டர், படம் எடுப்பவர், குமாஸ்தா, நர்ஸ் என்று நான்கு பேர் போவார்கள். காசநோயை முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிப்பதுதான் முக்கிய நோக்கம். முகாம் நடத்துவது அவர்கள் பொறுப்பு. நடத்தியதால் யாருக்காவது பயன் உண்டா என்று பார்த்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு.

முதலில் பூலாம்பாடியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கேதான் இந்த மனிதர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டேன்.

அங்கே நடந்த முகாமில் வந்தவர்களிடம் நானே உட்கார்ந்து கேள்வி கேட்டேன். இருமல் உண்டா, மாலையில் காய்ச்சல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் "இல்ல சார்" என்றார்கள். சொல்லிவிட்டு வேனுக்குப் பின்பக்கம் போய் இருமினார்கள். எனக்குக் கோபம் வந்தது. வேனில் இருந்த நர்ஸம்மா, அப்போதே அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும், என் பக்கம் குனிந்து சொன்னார்:

"சார், பட்டாளத்துல உடம்பு சரியில்லன்னு போய் நின்னா, டாக்டர் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாருன்னு வைங்க, நடிக்கிறான்னு தண்டனை குடுப்பாங்க. ரொம்ப முடியலன்னா வேலைய விட்டே அனுப்பிடுவாங்க. இருமலான்னு கேட்டா இல்லன்னுதான் இவங்களுக்கு வாய் வரும். அவங்கள ஏன் கேக்கறீங்க? வூட்டுக்காரியக் கேளுங்க."

மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போய்க் கேட்டேன். ஒரே நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. "பகல்ல சிங்கம் சார். படுத்தா இருமல் ஓயாது," என்றார் ஒரு பெண். அவர் கணவர் தூரத்திலிருந்து முறைத்தார். "மொறைக்காதீங்க, நான் ஒண்ணும் ஒங்க சுபேதார் இல்ல பயப்படறதுக்கு," என்று அவர் சொன்னதும் பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று முதல் கணவரின் உடம்பைப் பற்றி மனைவியிடம் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எங்கள் அமைப்பிலும் அதைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

சில மாதம் கழித்து ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முகாம். ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர்தான் ஆட்களைத் திரட்டினார். மீசை, கஞ்சி போட்ட சட்டை, குரல் மைதானத்தின் அடுத்த முனைக்குக் கேட்கும். எட்டு மணிக்கு அவர் நடுவில் நின்று "ஃபால் இன்!" என்று ஒரு சத்தம் போட்டார். டீக்கடையிலும் வேலியோரமும் நின்றிருந்தவர்கள் ஓடி வந்து வரிசையில் சேர்ந்தார்கள். பலர் பதக்கங்களைக் குத்தியிருந்தார்கள்.

"நாயக், தொப்பைய உள்ள இழு! மாசமா இருக்கியா?"

"எழுவது ரூபா பென்ஷன்ல தொப்பை எங்கேருந்து சாப் வரும்? இது காத்து."

"காத்துன்னா மூச்ச விடு, இறங்கட்டும்!"

எல்லாரும் சிரித்தார்கள், வரிசை மட்டும் கலையவில்லை. முன்னால் சுபேதார்கள், அடுத்து ஹவில்தார்கள், நாயக்குகள், சிப்பாய்கள். அதற்கும் பின்னால் சமையல், துணி வெளுப்பு, துப்புரவு வேலைகளில் இருந்தவர்களும், மலைப்பக்கம் ரோடு வெட்டும் பிரிவில் இருந்த கடைநிலைச் சிப்பாய்களும் நின்றார்கள். யாரும் அவர்களை அப்படி நிற்கச் சொல்லவில்லை. அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்கள் ஊரிலும் கடைசித் தெருவில் இருந்தவர்கள். அது அன்று என் கண்ணில் படவில்லை. நான் நோட்டில் எழுதிக்கொண்டது, "ஒழுங்கு மிகச் சிறப்பு. மற்ற முகாம்களுக்கு முன்மாதிரி."

மதியம் வரை இருந்தேன். வேலை கடிகாரம் போல நடந்தது. அரியலூரில் ரயில் பிடிக்க வேண்டும் என்று சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பிவிட்டேன். வரிசையின் முன்பாதியை மட்டும் பார்த்துவிட்டு முகாமையே பார்த்ததாக எழுதியவன் நான். முகாம் பார்க்கப் போனால் கடைசி ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு கிளம்புங்கள். ரயில் போனால் போகட்டும்.

ஒரு மாதம் கழித்துத் திருச்சி அலுவலகத்தில் அறிக்கைக்கான கணக்கை எடுத்து உட்கார்ந்தேன். வேனில் எடுக்கும் படங்கள் சினிமாச் சுருள் மாதிரி ஒரே சுருளில் வரிசையாக விழும். ஒவ்வொரு படத்திலும் ஆளின் எண் இருக்கும். ஜெயங்கொண்டம் சுருளை விளக்கில் வைத்துப் பார்த்தபோது, கடைசிப் படத்தின் எண்ணும் பதிவேட்டில் இருந்த கடைசிக் கார்டின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. கார்டுகள் பத்தொன்பது கூடுதலாக இருந்தன.

படம் எடுப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை.

"சாயங்காலம் நாலு மணிக்கே சுருள் தீந்துபோச்சு சார். வேற சுருள் வேன்ல இல்ல. மிச்சப் பேர அடுத்த தடவ வாங்கன்னு அனுப்பிட்டோம். வண்டி நோட்டுல எழுதி வச்சேனே, பாக்கலியா?"

எழுதித்தான் வைத்திருந்தார். அந்த நோட்டை யாரும் படிக்கவில்லை, நான் உட்பட.

அந்தப் பத்தொன்பது பேருக்கும் என்ன கார்டு போயிருக்கிறது என்று பார்த்தேன். எங்கள் குமாஸ்தாவின் வழக்கம் இது: பெரும்பாலானவர்களின் நெஞ்சு நன்றாகத்தான் இருக்கும் என்பதால், எல்லாக் கார்டுகளிலும் "நெஞ்சில் குறை இல்லை" என்று முன்கூட்டியே முத்திரை குத்தி வைத்துவிடுவார். டாக்டர் படம் பார்த்து, நுரையீரலில் நோயின் நிழல் தெரிந்தவர்களின் எண்களைப் பட்டியலாகக் கொடுப்பார். அந்தக் கார்டுகளில் மட்டும் முத்திரையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி எழுதுவார். வேலை சுலபம், தவறே நேராது என்று நாங்கள் எல்லாரும் மெச்சிய முறை. படமே எடுக்காதவர்களின் எண் எந்தப் பட்டியலிலும் வராது. அதனால் அவர்கள் கார்டில் சிவப்பு மை விழவில்லை. நெஞ்சில் குறை இல்லை என்ற முத்திரையோடு பத்தொன்பது கார்டுகளும் தபாலில் போய்விட்டன.

இதுவரை நடந்தது தவறு. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. இதற்குப் பிறகு நடந்ததற்குத் தவறு என்ற சொல் போதாது.

சுருளையும் கார்டு எண்களையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். வேனில் போகிறவர் இல்லை, திட்டத்தின் தலைவரான பெரிய டாக்டர். தானும் படையில் இருந்தவர். அந்த வேனை வாங்க வருடக்கணக்கில் அலைந்தவர். அவர் கெட்டவர் என்று இதைப் படித்துவிட்டு யாரும் நினைக்க வேண்டாம்.

அவர் வெகுநேரம் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறிக்கை எப்ப போகணும்?"

"பத்து நாள்ல சார்."

"பணம் குடுக்கறவங்க கூட்டம் அடுத்த மாசம். இதப் பாத்தா என்ன சொல்லுவாங்க தெரியுமா? படம் எடுக்காமலே சான்றிதழ் குடுக்கிற கும்பல்னு சொல்லுவாங்க. வேன் போயிடும். அப்புறம் இந்தப் பக்கத்துல எவனுக்கும் படம் கிடையாது."

"அந்தப் பத்தொன்பது பேர் சார்?"

"மூணு மாசத்துல வேன் மறுபடி ஜெயங்கொண்டம் போகும்ல? மொத ஆளா அவங்கள நிறுத்தி எடுத்துடுவோம். மூணு மாசத்துல என்ன ஆயிடும்? நீயே சொல்லு."

நான் சுருளைத் திரும்பச் சுற்றினேன். அவர் என்னை மிரட்டவில்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்று உத்தரவும் போடவில்லை. நான் முடியாது என்றிருந்தால் விட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அவர் சொன்ன காரணம் எனக்கும் பிடித்திருந்தது. அந்த அறிக்கைக்காக அமைப்பே என்னைப் பாராட்டும் என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. "பதிவு செய்த அனைவருக்கும் பரிசோதனை முடிந்தது" என்று எழுதி, தட்டச்சுக்குக் கொடுக்காமல் மேசையில் வைத்தேன்.

அந்த வாரத்திலேயே வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கும் வேலை இருந்தது. யார் வீட்டுக்குப் போவது என்று சீட்டுக் குலுக்கி எடுப்போம். எடுத்த சீட்டில் ஒன்று அய்யாக்கண்ணு என்பவருடையது. எண்ணைப் பார்த்ததுமே தெரிந்தது, அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர். அந்தச் சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வேறொன்று எடுத்திருக்கலாம். அப்படிச் செய்யக்கூடாது என்று முறை தடுத்தது. இத்தனை பெரிய பொய்யை எழுதி வைத்துக்கொண்டு, சின்ன முறையை மீறக் கூசினேன். மனசு இப்படியும் வேலை செய்யும்.

ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் ஏறி, முந்திரித் தோப்போரம் இறங்கி நடந்தேன். கடைசித் தெருவில் கூரை வீடு. அய்யாக்கண்ணுவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். மலையில் ரோடு போட்ட பிரிவில் பதினைந்து வருடம் கல் உடைத்தவர். வாசலில் என்னைக் கண்டதும் விறைப்பாக நின்றார். சித்திரை மாத வெயிலில் பட்டாளத்துக் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"அதக் கழட்ட மாட்டாரு சார்," என்று உள்ளிருந்து மோர் கொண்டுவந்த அவர் மனைவி அஞ்சலை சொன்னார். "இன்னும் பனி மலையிலயே நிக்கிறதா நெனப்பு. பொண்ணு கேலி பண்ணுது, தோப்புல குருவி வெரட்ட நிக்க வச்ச பொம்மைக்குக்கூட இவ்வளவு உடுப்பு இல்லன்னு."

கதவருகில் நின்றிருந்த மகள் வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். காய்ச்சல் உள்ளவனுக்குச் சித்திரையிலும் குளிரும். படித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பெயர், ஊர், முகாம் நாள் என்று வழக்கமான கேள்விகளைக் கேட்டு முடித்தேன். அவர் உள்ளே போய், பாலிதீன் உறையில் பத்திரமாக வைத்திருந்த கார்டை எடுத்து வந்தார்.

"சார், ஒரு சந்தேகம் கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"அன்னைக்கு என் நம்பர் வர்றப்ப சுருள் தீந்துபோச்சுன்னாங்க. சட்டையக் கழட்டிக்கிட்டு நின்னேன், திரும்ப மாட்டிக்கிட்டு வந்துட்டேன். இப்ப நெஞ்சு நல்லாருக்குன்னு கார்டு வந்திருக்கு. எடுக்காத படத்துல என் நெஞ்சு எப்புடிங்க தெரிஞ்சுது?"

"குடுத்தா வாங்கி வச்சுக்குவியா, வந்த சார்ட்ட கேள்வி கேக்குற," என்றார் அஞ்சலை.

"நீ சும்மா இரு. அரியலூருகிட்ட சுண்ணாம்புக்கல் குவாரில ஆள் எடுக்கறாங்க சார். நெஞ்சு நல்லாருக்குன்னு காயிதம் வேணும்ங்கிறான் மேஸ்திரி. இதக் காட்டுனா நாளைக்கே வேலை. ஆனா இது பொய்க் காயிதம்னா நான் காட்ட மாட்டேன். பதினஞ்சு வருசம் சர்வீசுல பொய்யா ஒரு காயிதம் குடுத்ததில்ல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. இது சரிதானுங்களா?"

அறிக்கை இன்னும் என் மேசையில்தான் இருந்தது. நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. "இல்லீங்க, தவறா வந்துடுச்சு. திருச்சிக்கு வாங்க, நான் படம் எடுக்க ஏற்பாடு பண்றேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அவர் மனைவி இரண்டடி தூரத்தில் நின்றிருந்தார். இவருக்கு இருமல் உண்டா என்று அவரைப் பார்த்துக் கேட்டிருந்தாலும் போதும். மற்ற எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வி அது. அந்த வீட்டில் நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குள் தெரிந்துதான் இருந்தது.

"முத்திரை வெச்சு வந்திருக்குல்ல?" என்றேன். "சரியாத்தான் இருக்கும்."

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவர் தோள்கள் தளர்ந்தன. "அப்ப சரிங்க சார். நீங்க சொன்னாப் போதும்," என்று சொல்லி, கார்டைத் திரும்ப உறைக்குள் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தார். அஞ்சலை இன்னொரு டம்ளர் மோர் கொடுத்தார். அதையும் குடித்தேன். படிவத்தில் "பயனாளி திருப்தி" என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டேன்.

மறுநாள் அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுத்தேன்.

அறிக்கை நன்றாக எடுபட்டது. அளவுக்கு மீறியே எடுபட்டது. இந்த வட்டாரத்தில்தான் ஒருவர் விடாமல் பரிசோதனை முடிந்துவிட்டதே, வேனை இன்னும் தொடங்காத மாவட்டத்துக்கு அனுப்பலாம் என்று பணம் கொடுத்தவர்கள் முடிவு செய்தார்கள். டாக்டர் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். அவர் கையிலேயே எங்கள் அறிக்கையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்களாம். திரும்பி வந்தவர் என் மேசைக்கு எதிரே நின்றார்.

"நாமதான எழுதுனோம்," என்றார்.

அப்போதாவது நான் ஜெயங்கொண்டத்துக்குப் பஸ் ஏறியிருக்கலாம். பத்தொன்பது பேரைத் திருச்சிக்கு அழைத்துவருவது மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஆனால் போனால் ஏன் வந்தீர்கள் என்று கேட்பார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளினேன். அந்த அடுத்த மாதம் ஒரு வருடத்துக்கு மேல் போனது.

பிறகு ஒரு கண் சிகிச்சை முகாமைப் பார்க்க அரியலூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டில் அந்தச் சுபேதார் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். நலம் விசாரித்தார். பேச்சுவாக்கில் சொன்னார்:

"அய்யாக்கண்ணுன்னு ஒருத்தன், ரோடு வெட்டுற கம்பெனில இருந்தான். ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது. போன மாசம் போயிட்டான் சார்."

"எப்படி?"

"நெஞ்சுதான். குவாரிலயே ரத்தமாக் கக்கி விழுந்துட்டான். அதுக்கு முன்னாடி டாக்டருக்கு டாக்டர் அலைஞ்சான், பாவம். போற எடத்துல எல்லாம் ஒங்க கார்ட எடுத்து நீட்டுவான். நெஞ்சு நல்லாருக்குன்னு போட்டிருக்கே, இது வெறும் புகையிலை இருமல்னு டானிக் குடுத்து அனுப்பிடுவாங்க. கடைசில திருச்சில படம் எடுத்தா ரெண்டு பக்கமும் ஓட்டை. பட்டாளத்துக்காரன் பாருங்க, காயிதத்து மேல அவ்வளவு நம்பிக்கை."

அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். ஜெயங்கொண்டம் போகும் பஸ் எதிரிலேயே நின்றிருந்தது. நான் திருச்சிக்கு ரயில் ஏறினேன்.

உங்களுக்கு இது ஒன்று மனதில் நிற்கட்டும். நாம் பரிசோதனை செய்யாமலே இருந்திருந்தால், இருமலோடு வந்தவரை ஏதாவது ஒரு டாக்டர் படம் எடுக்கச் சொல்லியிருப்பார். அவரைத் தடுத்தது நம் முத்திரை. அந்த வரிசையையும் பின்னாளில் பலமுறை யோசித்தேன். கல் உடைத்துத் தூசியை விழுங்கியவர்கள், நெருக்கிப் படுத்தவர்கள், ஊரில் அரை வயிறு சாப்பிட்டவர்கள் எல்லாரும் கடைசியில்தான் நின்றார்கள். யாருக்காக வேன் வந்ததோ அவர்களை வந்து சேர்வதற்குள் சுருள் தீர்ந்துவிட்டது. அதைத்தான் நான் முன்மாதிரி ஒழுங்கு என்று எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மற்ற பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தேடினேன். ஒருவர் வேறு காரணத்தால் முன்பே இறந்திருந்தார். கிடைத்தவர்களை இரண்டு மூன்று பேராகத் திருச்சிக்கு அழைத்துப் போனேன். இரண்டு பேருக்கு நிழல் இருந்தது. மருந்து தொடங்கினோம், தேறினார்கள். நடந்ததை எல்லாம் எழுதி, அறிக்கை தவறு என்று அமைப்புக்குக் கடிதம் கொடுத்தேன். அதைக் கோப்பில் சேர்த்தார்கள். யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. பதவி உயர்வும் முறைப்படி வந்தது. அன்று தண்டனை கிடைத்திருந்தால் இன்று உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேனோ என்னவோ.

அஞ்சலை வீட்டுக்குப் போவதை மட்டும் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தேன்.

நான் போனபோது அவர் வாசலில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கொட்டைப் பால் பட்டு விரல்கள் கருத்து, தோல் உரிந்திருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். சுருள் தீர்ந்தது, முத்திரை முன்பே குத்தியிருந்தது, அது எனக்குத் தெரிந்திருந்தது, எல்லாவற்றையும்.

அவர் திரும்ப உட்கார்ந்து இரண்டு மூன்று கொட்டைகளை உடைத்தார்.

"இங்க வந்தீங்களே, அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்மா."

"மோர் குடிச்சீங்களே, அப்பவா?"

"அப்பவே."

"ரெண்டாவது டம்ளருக்கு முன்னாடியே தெரியும்."

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

"என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார். படுத்தா இருமல் ஓயாது. நான் சொல்லியிருப்பேனே. அவருதான் சொல்லமாட்டாரு, நான் சொல்லியிருப்பேன்." கொட்டையைத் தட்டும் கை நின்றது. "நீங்க சொன்னீங்கன்னுதான் குவாரிக்கே போனாரு. அதுக்கு முன்னாடி ஒரு வாரமா அந்தக் காயிதத்தத் தொடாம வச்சிருந்தாரு."

மன்னிப்பு என்ற சொல்லைத் தயார்செய்து கொண்டுபோயிருந்தேன். அதை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது.

உள்ளே யாரோ இருமினார்கள். அவர் திரும்பிப் பார்த்தார்.

"பொண்ணுக்கு ஒரு மாசமா இருக்கு. எங்க போய்ப் படம் எடுக்கணும்?"

"நான் அழைச்சிட்டுப் போறேம்மா. நாளைக்கே."

"உங்கள நம்பிக் கேக்கல சார்," என்றார். குரலில் கோபம் இல்லை. "எடம் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதான். அதான்."

வளர்மதி பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலது நுரையீரலின் மேல்பக்கம் சின்னதாக ஒரு நிழல். பிந்தவில்லை. ஒன்றரை வருடம் ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டாள். பிறகு கல்யாணமாகி விருத்தாசலம் பக்கம் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் மூவரும் திருச்சிக்குப் போனோம். பஸ்ஸில் தாயும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த எக்ஸ்ரே நிலையம் ஒன்றில் வளர்மதிக்குப் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அங்கிருந்தவர் வெளியே வந்து, "நீங்க கெளம்பலாம்மா, ரிப்போர்ட்ட சாயங்காலம் சார்ட்ட குடுத்துடறேன்," என்றார்.

அஞ்சலை பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"காயிதம் அப்புறம் குடுங்க. படத்தக் காட்டுங்க."

"இன்னும் ஈரம் காயலம்மா. பாத்தா உங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

"ஒண்ணும் தெரியாது. எடுத்தீங்கன்னு தெரியும்ல."

படம் எடுத்தவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, நீர் சொட்டும் படத்தைக் கிளிப்பில் தொங்கவிட்டபடி கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அஞ்சலை எழுந்து பக்கத்தில் போனார். மகளின் விலா எலும்புகளை, அவற்றுக்கு நடுவே இருந்த கருமையை, மூலையில் வெள்ளையாக எழுதியிருந்த எண்ணை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகள் கையிலிருந்த எண் சீட்டை வாங்கி, அந்த எண்ணோடு வைத்து ஒத்துப்பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எண்களின் வடிவத்தை வைத்துத்தான் பார்த்தார். அவசரப்படவில்லை.

பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"நீங்களும் பாருங்க சார்," என்றார்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.